மூளையைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்: விடை கிடைத்தவையும் கிடைக்காதவையும்

யாழ்ப்பாணத்தில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். சனசமூக நிலையங்களில் கூப்பிட்டால் போய் மூளையைப் பற்றிப் பேசுவதும் உண்டு. எங்கே போனாலும் ஏறத்தாழ அதே கேள்விகள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை இங்கே தந்து, கீழே பதில் எழுதியிருக்கிறேன்.

பல இடங்களில் "இன்னும் தெரியாது" என்று சொல்லப்போகிறேன். எது வரைக்கும் தெரியும், எந்த இடத்தில் தடக்குப்படுகிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அந்த எல்லையைத் தெரியாமல் இருந்தால், "விஞ்ஞானத்துக்கே தெரியாது, எங்களுக்குத் தெரியும்" என்று வருகிறவர்களிடம் காசைக் கொடுத்து ஏமாற வேண்டியதுதான்.

சேர், மூளையில நாங்கள் 10 வீதம்தானே பாவிக்கிறம்? மிச்சத்தையும் பாவிச்சா என்ன நடக்கும்?

இது பிழையான கதை. நித்திரையில்கூட மூளையின் எல்லாப் பகுதிகளும் வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன. உடல் நிறையில் மூளை ஏறத்தாழ 2 வீதம். ஆனால் சும்மா இருக்கும்போதே உடல் செலவழிக்கும் சக்தியில் 20 வீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. பாரிசவாதம் வந்தவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சின்ன இடத்துக்கு இரத்தம் போகாவிட்டாலே பேச்சோ கையோ போய்விடுகிறது. 90 வீதம் தேவையில்லாத இடமென்றால் அப்படி நடக்காது.

இடது மூளை கணக்குக்கு, வலது மூளை சங்கீதத்துக்கு எண்டு சொல்லுறது?

அரை உண்மை. பெரும்பாலானோருக்குப் பேச்சு இடது பக்கத்தையே கூடுதலாகச் சார்ந்திருக்கிறது. பிரான்சில் போல் புரோக்கா என்ற வைத்தியர் 1861இலேயே இதற்குச் சான்று காட்டத் தொடங்கிவிட்டார். ஆனால் "இடது மூளைக்காரர்", "வலது மூளைக்காரர்" என்று ஆட்கள் இல்லை. 2013இல் அமெரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் ஸ்கான்களை ஆராய்ந்தும் அப்படி ஒரு பிரிவு தென்படவில்லை.

மூளைக்குள்ள எத்தினை நரம்புக்கலம் இருக்கெண்டு எண்ணிப்போட்டினமோ?

எண்ணிவிட்டார்கள், அதுவும் 2009இல்தான். அதுவரை 10,000 கோடி என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிரேசிலைச் சேர்ந்த சுசானா ஹெர்குலானோ-ஹவுசல் குழுவினர், இறந்தவர்களின் மூளை இழையத்தை இரசாயனத்தில் கரைத்தார்கள். கலங்கள் கரைந்துபோகும், அவற்றின் கருக்கள் மட்டும் மிஞ்சும். அந்தக் கரைசலைச் சீராகக் கலக்கி, ஒரு துளியில் உள்ள கருக்களை நுணுக்குக்காட்டியில் எண்ணி, மொத்தத்துக்குக் கணக்குப் போட்டார்கள். விடை ஏறத்தாழ 8,600 கோடி.

அதில் ஏறத்தாழ 6,900 கோடி, பின்னால் கிடக்கும் சிறுமூளையில் இருக்கின்றன. நாங்கள் பெரிதாகப் பேசுகிற மூளைப் புறணியில், அதாவது பெருமூளையின் வெளிப் படையில், இருப்பது ஏறத்தாழ 1,600 கோடிதான். சிறுமூளைக்கு ஏன் இவ்வளவு? உடல் சமநிலை, அசைவு என்று பாடப்புத்தகத்தில் எழுதிவிடுகிறோம். அந்த வேலைக்கு மட்டும் இத்தனை கலங்கள் எதற்கு என்பது இன்றைக்கும் சரியாக விளங்காத விடயம். பரீட்சையில் பாடப்புத்தக விடையையே எழுதுங்கள்.

ஸ்கான் எடுத்தா நான் என்ன நினைக்கிறன் எண்டு தெரிஞ்சிடுமோ?

இல்லை. ஆஸ்பத்திரியில் எடுக்கும் சாதாரண எம்.ஆர்.ஐ மூளையின் அமைப்பை மட்டும் காட்டும். ஆய்வுகளில் பாவிக்கிற செயற்பாட்டு எம்.ஆர்.ஐ, எந்த இடத்துக்கு ஒட்சிசன் நிறைந்த இரத்தம் கூடுதலாகப் போகிறது என்று பார்க்கும். நரம்புக்கலம் வேலை செய்வது ஆயிரத்தில் ஒரு பங்கு செக்கன் கணக்கில். இரத்தம் வந்து சேரச் சில செக்கன்கள் ஆகும். படத்தில் தெரியும் ஒரு சின்னப் புள்ளிக்குள் இலட்சக்கணக்கான கலங்கள் இருக்கும். ஒரு ஊருக்குப் போகும் மின்சாரத்தை அளந்து, அங்கே எந்த வீட்டில் என்ன கதைக்கிறார்கள் என்று சொல்லப் பார்ப்பது மாதிரித்தான் இது.

ஆகவே "காதலுக்கான இடத்தைக் கண்டுபிடித்தார்கள்" என்று பத்திரிகையில் வண்ணப்படத்தோடு வந்தால் கொஞ்சம் பொறுங்கள். ஒரு இடம் வேலை செய்தது என்பதும், அந்த இடம்தான் அந்த வேலையைச் செய்கிறது என்பதும் வேறு வேறு.

நினைவெல்லாம் மூளையில எந்த இடத்தில கிடக்குது?

இந்தக் கேள்வியில் எனக்கு விருப்பம் கூட. 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு, வலிப்பைக் குறைக்க என்று மூளையின் இரண்டு பக்கத்திலும் ஹிப்போகம்பஸ் என்ற பகுதியின் பெரும்பங்கை வெட்டி எடுத்தார்கள். வலிப்புக் குறைந்தது. ஆனால் அதன் பிறகு சந்தித்த ஆட்களை, நடந்த விடயங்களை அவரால் நினைவில் வைக்க முடியவில்லை. 2008இல் இறக்கும் வரை அப்படியே வாழ்ந்தார். பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரிடம் கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் ஒன்றைக் கோடு பிசகாமல் வரையச் சொன்னார். நாளுக்கு நாள் கை பழகிக்கொண்டு வந்தது; ஆனால் முன்பு அதைச் செய்ததே அவருக்கு ஞாபகம் இல்லை. நினைவு என்பது ஒன்றல்ல, பல வகை என்பது இப்படித்தான் தெரியவந்தது.

நரம்புக்கலங்கள் ஒன்றையொன்று தொடும் இணைப்புகள் பலப்படுவதே நினைவுக்கு அடிப்படை என்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு. 2012இல் சுசுமு தொனெகாவா என்ற விஞ்ஞானியின் குழு, எலி ஒன்று பயந்தபோது இயங்கிய கலங்களை அடையாளமிட்டு, பிறகு வேறொரு கூட்டில் வைத்து ஒளியால் அதே கலங்களைத் தூண்டியது. பயப்பட ஒன்றும் இல்லாத இடத்தில் எலி அசையாமல் உறைந்து நின்றது. அடுத்த ஆண்டே நடக்காத ஒன்றை நடந்ததாக எலியை நம்பவைத்தும் காட்டினார்கள்.

சரி, எங்கே தடக்குப்படுகிறது? இணைப்பில் இருக்கும் புரதங்கள் பெரும்பாலும் சில நாட்களில், சில வாரங்களில் சிதைந்து புதிதாக வந்துவிடுகின்றன. அப்படியிருக்க, அப்பம்மாவுக்கு அறுபது வருடத்துக்கு முந்திய நல்லூர்த் தேர் எப்படி அப்படியே நினைவிருக்கிறது? இதை 1984இலேயே, டி.என்.ஏயின் அமைப்பைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக் கேட்டுவிட்டார். ஒரு புரதம் போகும்போது பக்கத்தில் நிற்கும் மற்றது அந்த இடத்தைப் பிடித்துவைக்கிறது என்பதற்கு 2024இல் ஒரு நல்ல ஆய்வு வந்திருக்கிறது. வழக்கு இன்னும் முடியவில்லை.

புலமைப்பரிசில் சோதனைக்குப் படிக்கிற பிள்ளைக்கு ஞாபகசக்தி மாத்திரை குடுக்கலாமோ? வல்லாரை நல்லதெண்டு அம்மா சொல்லுறா.

வல்லாரைச் சம்பல் நல்ல சாப்பாடு, தாராளமாகக் கொடுங்கள். அதைச் சாப்பிட்டுப் புள்ளி ஏறியதற்கு உறுதியான சான்று இல்லை. கடையில் விற்கும் ஞாபகசக்தி மாத்திரைகளுக்கும் அதே பதில். வைத்தியர் சொல்லாமல் பத்து வயதுப் பிள்ளைக்கு எதையும் கொடுக்காதீர்கள். பிள்ளைக்கு நித்திரை காணுமா என்று பாருங்கள்; விடிய நாலு மணிக்கு எழுப்பி ரியூசனுக்கு விடுவதைவிட அது பலன் தரும்.

கண்ணைக் கட்டிக்கொண்டு வாசிக்கப் பழக்கிற "மிட்பிரெயின்" வகுப்பு உண்மையோ?

இல்லை. மிட்பிரெயின் என்றால் நடுமூளை; அதைத் "திறந்துவிடுவதாக" அந்த வகுப்புக்காரர் சொல்கிறார்கள். அது எல்லாப் பிள்ளைகளுக்கும் பிறந்த நாளிலிருந்தே வேலை செய்கிறது. கண் அசைவுக்கும் சத்தம் வந்த பக்கம் திரும்புவதற்கும் அது வேண்டும். அதை யாரும் "திறக்க" வேண்டியதில்லை. கண்ணை எப்படிக் கட்டினாலும் மூக்குப் பக்கத்தில் சின்ன இடைவெளி இருக்கும். பிள்ளை அதால் பார்க்கிறது. வாசிக்க வேண்டியதை முகத்துக்கு நேரே, கண் மட்டத்தில் பிடித்துப் பாருங்கள், வாசிக்காது. இதில் எனக்கு ஆத்திரம் வருவது காசுக்காக மட்டும் இல்லை. பெரியவர்கள் கைதட்டுகிறார்கள் என்று பார்த்து, பொய் சொல்லப் பிள்ளை பழகுகிறது.

நித்திரை ஏன் கொள்ளுறம்? களைப்புக்கு எண்டா சும்மா படுத்திருந்தாக் காணாதோ?

காணாது. நித்திரை இல்லாமல் இருந்தால் கவனம், நினைவு, நோய் எதிர்ப்பு எல்லாமே குழம்பும். அன்றைக்குப் படித்ததை மூளை நித்திரையில் திரும்ப ஓட்டிப் பார்க்கிறது என்பதற்கு எலிகளில் வடிவான சான்று உண்டு: பகலில் ஓடிய பாதைக்குரிய கலங்கள் நித்திரையில் திரும்பவும் இயங்குகின்றன.

ஆனால் அதுதான் நித்திரையின் மூல காரணமா? 2017இல், மூளையே இல்லாத ஒருவகை ஜெலிமீனும் நித்திரை போன்ற ஒரு நிலைக்குப் போவதைக் கண்டார்கள். அதற்கு என்ன பாடம் இருக்கிறது திரும்பப் பார்க்க? நித்திரையில் மூளைக் கழிவுகள் கழுவப்படுகின்றன என்று 2013இல் ஒரு ஆய்வு வந்து பிரபலமானது. 2024இல் எலிகளில் செய்த இன்னொரு ஆய்வு, நித்திரையில் அந்தக் கழுவல் குறைகிறது என்று நேரெதிராகச் சொன்னது. இரண்டு பக்கமும் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

அண்ணாவுக்குக் கால் போய் இவ்வளவு வருசம். இல்லாத பாதம் எப்பிடி நோகும்?

எங்கள் ஊர்களில் இந்தக் கேள்வி வராத கூட்டமே இல்லை. செல்லடியிலும் மிதிவெடியிலும் கால் இழந்தவர்கள் எத்தனை பேர் எங்களோடு வாழ்கிறார்கள். ஜெய்ப்பூர்க் காலைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்த பிறகு, இல்லாத பெருவிரல் முறுக்கிக்கொண்டு நோகிறது என்பார்கள். அது மனப்பிரமையோ விசரோ இல்லை. உறுப்பை இழந்தவர்களில் பெரும்பாலானோருக்கு அது இன்னும் இருக்கிற உணர்வு வரும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயப்பட்டவர்களைப் பார்த்த சைலஸ் வியர் மிச்செல் என்ற வைத்தியர் 1871இல் இதற்கு ஆவி உறுப்பு என்ற பொருளில் பெயர் வைத்தார்.

ஏன் வருகிறது? 1990களில் வி. எஸ். ராமச்சந்திரன் என்ற நரம்பியலாளர் ஒரு விளக்கம் சொன்னார். தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஸ்ரான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அவர். மூளையில் உடலின் படம் ஒன்று இருக்கிறது. அதில் கைக்குரிய இடத்துக்குப் பக்கத்தில் முகத்துக்குரிய இடம் இருக்கிறது. கை போனதும் பக்கத்து இடம் அதற்குள் பரவுகிறது. அதனால்தான் கன்னத்தைத் தொட்டால் இல்லாத விரலில் தெரிகிறது என்றார். கண்ணாடி வைத்த ஒரு பெட்டியையும் அவர் செய்தார். இருக்கிற கையின் விம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும். இருக்கிற கையை அசைத்தால் மற்றதும் அசைவது போலத் தோன்றும். சிலருக்கு முறுக்கு இளகியது, சிலருக்குப் பலன் இல்லை.

இந்த விளக்கம்தான் நெடுங்காலம் பாடப்புத்தகத்தில் இருந்தது. ஆனால் 2025இல் வந்த ஒரு ஆய்வில், கை அகற்றப்படுவதற்கு முன்னும் பின்னும் மூன்று பேரைத் தொடர்ந்து ஸ்கான் செய்தார்கள். கைக்குரிய படம் ஆண்டுகள் போயும் மாறாமல் அப்படியே இருந்தது. அப்படியென்றால் நோ எங்கிருந்து வருகிறது? வெட்டுப்பட்ட நரம்பின் நுனியிலிருந்தா, முள்ளந்தண்டிலிருந்தா, மூளையிலிருந்தா, எல்லாம் சேர்ந்தா? முடிவில்லை. அண்ணாவை வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். நரம்பு நோவுக்குத் தனி மருந்துகள் உண்டு, சாதாரண பனடோல் இதற்குப் பெரும்பாலும் கேட்காது.

வயசு போனாப் பிறகு புதுசா நரம்புக்கலம் வருமோ?

2018இல் இரண்டு ஆய்வுகள் சில வார இடைவெளியில் வந்தன. ஒன்று, பெரியவர்களின் ஹிப்போகம்பஸில் புதிய கலம் வருவதே இல்லை என்றது. மற்றது, 79 வயதிலும் வருகிறது என்றது. 2025இல் சுவீடன் ஆய்வாளர்கள் பெரியவர்களின் மூளையில் புதிய கலங்களாக மாறப்போகும் முன்னோடிக் கலங்களைக் கண்டதாக எழுதினார்கள். தராசு இப்போது "வரும்" என்ற பக்கம் சாய்ந்திருக்கிறது. எவ்வளவு வருகிறது, அதனால் நினைவுக்கு என்ன பலன் என்பதில்தான் சண்டை.

அம்மம்மா எங்கட பேரையே மறக்கிறா. அல்சைமர் ஏன் வருது எண்டு தெரியாதோ?

முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு என்று குணப்படுத்தக்கூடிய காரணங்களாலும் மறதி வரும். வயது போனால் இப்படித்தான் என்று விட்டுவிடுவது எங்கள் பக்கத்தில் அதிகம்.

அல்சைமர் நோயில் மூளையில் அமிலோயிட் என்ற புரதம் படிகிறது. அதுதான் மூல காரணம் என்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்கிறார்கள். ஆனால் அந்தப் படிவு நிறைய இருந்தும் நல்ல ஞாபகத்தோடு இறந்தவர்கள் உண்டு. படிவை அகற்றும் லெக்கனெமாப் என்ற மருந்தை 2023இல் அமெரிக்கா அனுமதித்தது. அது 18 மாதத்தில் நோயின் வேகத்தை 27 வீதம் குறைத்தது. நிறுத்தவில்லை, மூளையில் வீக்கமும் இரத்தக்கசிவும் வரும் ஆபத்தும் உண்டு. ஆகவே அமிலோயிட்டுக்குப் பங்கு இருக்கிறது, முழுக் கதையும் அது இல்லை. இரத்த அழுத்தம், சீனி வருத்தம், காது கேளாமை ஆகியவற்றை நேரத்தோடு கவனிப்பது மறதி நோயின் ஆபத்தைக் குறைக்கும்.

ஒப்பரேசனுக்கு மயக்க மருந்து குடுக்கினம். அது எப்பிடி வேலை செய்யுது எண்டு அவைக்கே தெரியாதாம், மெய்தானோ?

பாதி மெய். 1846இல் பொஸ்ரனில் ஈதர் கொடுத்துச் செய்து காட்டிய காலத்திலிருந்து பழகிவருகிற விடயம் இது. எவ்வளவு கொடுத்தால் என்ன நடக்கும் என்பது நன்றாகத் தெரியும். மருந்துகள் எந்த மூலக்கூறில் ஒட்டுகின்றன என்பதும் பெருமளவுக்குத் தெரியும். ஆனால் புரொபோபோல் ஒரு வழியால் போகிறது, கெட்டமின் இன்னொரு வழியால் போகிறது. இரண்டிலும் "நான்" என்ற உணர்வு ஏன் அணைகிறது என்பதுதான் தெரியாது. அந்த உணர்வு என்னவென்றே தெரியாதபோது அணைவதை முழுதாக விளக்க முடியாது. இதைக் கேட்டு ஒப்பரேசனுக்குப் பயப்பட வேண்டாம்.

மோட்டார் சைக்கிள் விபத்தில தம்பி நினைவில்லாமக் கிடக்கிறான். நாங்கள் கதைக்கிறது அவனுக்குக் கேக்குமோ?

கேட்கக்கூடும். 2006இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன் ஓவன் என்பவர், விபத்துக்குப் பிறகு எதற்கும் பதில் தராமல் கிடந்த 23 வயதுப் பெண்ணை ஸ்கானுக்குள் வைத்து, "ரென்னிஸ் விளையாடுவதாக நினை" என்றார். சுகதேகிகளுக்கு வேலை செய்யும் அதே இடம் அந்தப் பெண்ணுக்கும் வேலை செய்தது. பிறகு பல நாடுகள் சேர்ந்து நடத்தி 2024இல் வெளியான ஆய்வில், சொன்னதற்கு எந்தப் பதிலும் காட்டாத 241 பேரில் ஏறத்தாழ கால்வாசிப் பேர், செய்யச் சொன்னதை மூளைக்குள் செய்துகொண்டிருந்தார்கள்.

உங்கள் தம்பி அந்தக் கால்வாசிக்குள் இருக்கிறாரா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, அவருக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு எதையும் பேசாதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கதையுங்கள்.

அப்ப "நான்" எண்டிறது மூளையில எங்க இருக்கு?

மேலே மயக்க மருந்தில் தொட்ட அதே முடிச்சு. 1998இல் கிறிஸ்ரோப் கொக் என்ற நரம்பியலாளரும் டேவிட் சாமர்ஸ் என்ற தத்துவவாதியும் பந்தயம் பிடித்தார்கள். உணர்வுக்குக் காரணமான மூளைச் செயற்பாட்டை 25 ஆண்டில் கண்டுபிடிப்போம் என்றார் கொக். 2023இல் நியூயோர்க்கில் ஒரு கூட்டத்தில் தோல்வியை ஒப்புக்கொண்டு, சொன்னபடி வைன் போத்தல்களைக் கொடுத்தார். இந்த உணர்வைப் பற்றிய இரண்டு பெரிய கோட்பாடுகளை நேருக்கு நேர் மோதவிட்டுச் செய்த ஆய்வின் முடிவு 2025இல் வெளிவந்தது. இரண்டுமே முழுதாகப் பொருந்தவில்லை.

மூளை எப்படிப் பார்க்கிறது, கேட்கிறது, முடிவெடுக்கிறது என்பதை மெல்ல மெல்ல விளக்கிவிடலாம். ஆனால் மாம்பழத்தைக் கடித்தால் அந்த இனிப்பு உள்ளே "எனக்கு" ஏன் தெரிகிறது, வெறும் இரசாயன வேலையாக அது ஏன் முடிந்துவிடவில்லை என்பதே சாமர்ஸ் சொல்லும் கடினமான கேள்வி.

ஆன்மா எண்டு சொன்னா முடிஞ்சுதுதானே?

சைவ சித்தாந்தம் மனம், புத்தி, சித்தம், அகங்காரம் ஆகியவற்றைக் கருவிகள் என்றும், ஆன்மா அவற்றுக்கு வேறு என்றும் சொல்கிறது. அது ஆழமாக யோசித்த நிலைப்பாடு. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஆய்வுகூடத்தில் அளக்கக்கூடிய ஒன்றாக அது கேள்வியை மாற்றித் தராது. விஞ்ஞானத்தில் விடை இல்லை என்பதை வைத்து ஆன்மா உண்டு என்றோ இல்லை என்றோ சாதிக்க முடியாது.

நான் முடிவெடுக்க முதலே மூளை முடிவெடுக்குதாம். அப்ப களவெடுத்தவனில குற்றம் இல்லையோ?

பெஞ்சமின் லிபெட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1983இல் செய்த பரிசோதனையிலிருந்து வந்த கதை இது. கையை விரும்பிய நேரத்தில் அசைக்கச் சொன்னார். அசைவுக்கு அரைச் செக்கன் முதலே மூளையில் மின் அலை ஏறத் தொடங்கியது. ஆனால் "அசைக்க நினைத்தேன்" என்று ஆட்கள் சொன்ன கணம், அசைவுக்கு ஏறத்தாழ 0.2 செக்கன் முன்புதான். 2012இல் வந்த இன்னொரு விளக்கம், அந்த அலை முடிவே இல்லை, மூளையில் தானாக ஏறி இறங்கும் சலசலப்பு மட்டுமே என்கிறது.

எது சரியென்றாலும், காரணமில்லாமல் விரலை அசைப்பதும், பக்கத்து வீட்டு மதிலேறிக் குதிக்கத் திட்டம் போடுவதும் ஒன்றில்லை. அந்தப் பரிசோதனையை வைத்துக் கள்ளனை விடுவிக்க முடியாது.

எங்கட மூளையைக் கொம்பியூட்டரில கொப்பி எடுக்கலாமோ?

ஒரு மில்லிமீற்றர் நீளமான புழு ஒன்று இருக்கிறது. அதற்கு 302 நரம்புக்கலங்கள். அவற்றின் இணைப்புப் படம் முழுதாக 1986இலேயே வந்துவிட்டது. இன்றைக்கும் அந்தப் படத்தை மட்டும் வைத்து அந்தப் புழு அடுத்து என்ன செய்யும் என்று முழுதாகச் சொல்ல முடியவில்லை. 2024இல் பழ ஈயின் மூளைப் படம் முடிந்தது. ஏறத்தாழ 1,39,000 கலங்கள், 5 கோடி இணைப்புகள். அதே ஆண்டு மனித மூளையின் ஒரு கன மில்லிமீற்றர் துண்டைப் படமாக்கினார்கள். அதில் மட்டும் 15 கோடி இணைப்புகள்; படங்களைச் சேமிக்க 1,400 டெராபைட் தேவைப்பட்டது. முழு மூளைக்கு அப்படி பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் வேண்டும்.

படம் வந்தாலும் போதாது. நினைவு பற்றிய கேள்வியில் சொன்ன மாதிரி இணைப்பின் பலம் மாறிக்கொண்டே இருக்கிறது, ஓமோன்கள் வேறு குறுக்கிடுகின்றன. 2013இல் ஐரோப்பா மூளையைக் கணினியில் கட்டப்போவதாகப் பெரிய திட்டம் தொடங்கி 2023இல் முடித்தது. நல்ல வரைபடங்கள் கிடைத்தன, மூளை கிடைக்கவில்லை.

மகளுக்கு இதில சரியான விருப்பம். மருத்துவபீடம் கிடைக்காட்டி என்ன செய்யிறது?

மருத்துவம் ஒரு வழி மட்டுமே. மேலே சொன்ன வேலைகளில் சிலவற்றைச் செய்தவர்கள் பௌதிகம், கணிதம், கணினி படித்தவர்கள். கணிதப் பிரிவில் படிக்கிற பிள்ளையும் இதற்குள் வரலாம். தமிழில் படித்த பிள்ளைக்கு எட்டாது என்று நினைக்காதீர்கள். 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மிஷனரி வைத்தியர் மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்திருக்கிறார். ஆனால் ஆய்வுக் கட்டுரைகள் ஆங்கிலத்தில்தான் வருகின்றன, ஆகவே ஆங்கிலத்தையும் கணினி நிரல் எழுதுவதையும் இப்போதே தொடங்கச் சொல்லுங்கள்.

அந்த ஈயின் மூளைப் படம் இணையத்தில் இலவசமாக இருக்கிறது, பெயர் பிளைவயர் (FlyWire). கணினி பிழையாகப் பிரித்த கலங்களைத் திருத்தும் வேலையில் விஞ்ஞானிகளோடு சாதாரண தன்னார்வலர்களும் சேர்ந்திருந்தார்கள். மகளோடு இருந்து ஒருக்கால் திறந்து, ஒரு கலத்தைப் பிடித்து அது எங்கெங்கே போய்த் தொடுகிறது என்று பாருங்கள். கைபேசித் திரை காணாது, கொம்பியூட்டர் வேண்டும்.